மேக்னட்டுக்கு அடியில்

கோட்டாறு சந்தையில் வெற்றிலையும் தேங்காயும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்த வாசனை மூக்கில் ஏறியது. மண்ணெண்ணெய், டூ ஸ்ட்ரோக் ஆயில், காய்ந்த உப்பு மூன்றும் கலந்த வாசனை. கடற்கரையில் வளர்ந்தவனுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டாம். பழைய இரும்புக் கடை வாசலில், ஒடிந்த சைக்கிளுக்கும் கட்டில் கால்களுக்கும் நடுவே, புரோப்பெல்லரை வானத்துக்குக் காட்டியபடி ஒரு வள்ளத்து எஞ்சின் கிடந்தது. மேல்மூடி இல்லை. கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் வெயில் தின்றது போக நீல வண்ணம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

பக்கத்தில் ஒரு பையன் சம்மட்டியோடு உட்கார்ந்திருந்தான். அலுமினியம் தனி, இரும்பு தனி, செம்பு தனி என்று உடைத்துப் பிரித்தால்தான் அவனுக்குக் காசு. செம்பு இருக்கும் இடமும் அவனுக்குத் தெரிந்திருந்தது. உச்சியில், உலைமூடியைக் கவிழ்த்து வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும் கனத்த சக்கரத்துக்கு அடியில், காயிலுக்குள். சக்கரத்தைக் கழற்றும் வழிதான் தெரியவில்லை. விளிம்பில் உளியை வைத்துவிட்டான்.

"தம்பி, அடிக்காத. எடை போட்டு என்ன வருதோ நான் தாறேன்" என்றேன்.

கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆட்டோவில் ஏற்றி வீட்டு முற்றத்தில் இறக்கியபோது என் மனைவியும் அதே பார்வை பார்த்தாள். "பேரன் வந்தா ஏறி விளையாடுவான்" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் எனக்கு என் மாமாவின் ஞாபகம் வந்திருந்தது.

அம்மாவுக்கு நேர் இளையவர் அவர். எங்கள் பக்கத்துக் கடற்கரைக்கு எஞ்சின் வருவதற்கு முன்பே நாகர்கோவிலில் ஒரு இரண்டு சக்கர வண்டிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கடலுக்குப் போனால் வாந்தி எடுப்பார், அதனால் தாத்தாவே கொண்டுபோய் விட்டதாக அம்மா சொல்வாள். லாம்ப்ரெட்டாவும் பிறகு வந்த டிவிஎஸ் 50-ம்தான் அவருடைய பள்ளிக்கூடம். அந்த வண்டிகளிலும் இதே ஏற்பாடுதான். காந்தம் பதித்த சக்கரம், அடியில் காயில், பாயிண்ட், கண்டன்சர். பட்டறைக்காரர்கள் அந்தச் சக்கரத்தையே மேக்னட் என்றுதான் சொல்வார்கள். 1980களில் வள்ளங்களுக்கு யமஹா, சுசூகி, ஜான்சன், எவின்ரூட் என்று வரிசையாக எஞ்சின்கள் வந்தபோது, ஊரில் அவற்றைத் திறந்து பார்க்கப் பயப்படாத ஒரே ஆள் மாமாதான். வாந்தி எடுத்தவன் வைத்தியனாகிவிட்டான் என்று கரையில் கேலி பேசுவார்கள்.

எங்கள் ஊருக்கு முதல் எஞ்சின் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. முட்டத்துப் பட்டறையில் கட்டிய பிளைவுட் வள்ளம், அதன் பின்பலகையில் பொருத்திய புது எஞ்சின். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பெண்கள் எஞ்சினுக்கே பூமாலை போட்டார்கள். கட்டுமரத்துக் கிழவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். இந்தச் சத்தத்துக்குச் சாளை முழுவதும் ஆழத்துக்கு ஓடிவிடும் என்பது அவர்கள் கட்சி. அவர்களில் ஒரு தாத்தா, கோவில் கோபுரத்தையும் மலை முகட்டையும் ஒத்துப் பார்த்துக் கடலில் இடம் குறிப்பதில் கெட்டிக்காரர், அந்த வள்ளத்தில் காலே வைக்க மாட்டேன் என்று சபதம் செய்தார். சில மாதங்கள் கழித்துக் காற்றே இல்லாத ஒரு மதியம், அதே வள்ளத்துக்குக் கயிறு போட்டுத் தன் கட்டுமரத்தை இழுத்துவரச் சொன்னார். இழுத்து வந்தார்கள். கட்டுமரத்தில் உட்கார்ந்தபடியே வந்ததால் சபதம் காப்பாற்றப்பட்டது.

எஞ்சின் வந்ததும் பங்குக் கணக்கும் மாறியது. பிடித்த மீனை விற்றுச் செலவு கழித்த பிறகு வலைக்கு, வள்ளத்துக்கு, ஆளுக்கு என்று போய்க்கொண்டிருந்த பங்கில் எஞ்சினுக்கும் ஒரு பங்கு முளைத்தது. அதோடு மண்ணெண்ணெய்ச் செலவு. பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரைக்கு வரும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்த வேண்டும், இல்லையென்றால் அடுத்த நாள் கிளம்பாது. இந்த ஒழுங்கை யாரும் சரியாகக் கடைப்பிடிப்பதில்லை. பிளக்கில் கரி அடைந்துபோகும். வள்ளத்தில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றுப் பிளக், பிளக் ஸ்பானர், ஒரு துண்டுக் கயிறு இருக்கும். ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் போனால் மேலே இருக்கும் கூட்டைக் கழற்றி வீசிவிட்டு, சக்கரத்தின் தலையில் கயிற்றைச் சுற்றி இழுத்தே கிளப்புவார்கள்.

பிளக் மாற்றியும் கிளம்பாத எஞ்சின்தான் மாமா வீட்டு முற்றத்துக்கு வரும். ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்கும் நாட்களில் முற்றத்தில் நடக்க இடம் இருக்காது. மரச்சட்டத்தில் ஏழெட்டு எஞ்சின்கள் தொங்கும். மாமி அம்மிக்கல்லைத் திண்ணைக்கு மாற்றிக்கொள்வாள். ஈரம் ஏறிய காயிலை மாமா அடுப்புத் திட்டில் காயவைப்பார். அதனால் ஒரு நாள் குழம்பில் வார்னிஷ் வாசனை வந்துவிட்டது. மாமி மூன்று நாள் பேசவில்லை. அப்புறம் மாமா காயிலை ஓட்டின் மேல் வெயிலில் வைக்கப் பழகிக்கொண்டார். காக்கா தூக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

இப்போது முற்றத்தில் எஞ்சின் இருக்கிறது, மாமா இல்லை. மாமியிடம் போன் போட்டுக் கேட்டேன். "அந்த டின்னு பரண்மேலதான் கிடக்கு, எடுத்துட்டுப் போ" என்றாள். பிஸ்கட் டின். உள்ளே எண்ணெய்த் துணியில் பொதிந்த பாயிண்டுகள், கண்டன்சர்கள், பிளக்குகள், தீப்பெட்டி ஒன்றில் அரைநிலா வடிவச் சின்னச் சின்னக் கீகள். அடியில் அவருடைய புல்லர். லேத் பட்டறையில் சொல்லிச் செய்தது. தடித்த இரும்புத் தகடு, சுற்றிலும் மூன்று துளை, நடுவே ஒரு போல்ட். கைப்பட்டுப் பட்டு ஓரங்கள் வழுவழுவென்று ஆகியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை, கடல்தொழில் இல்லாத நாள், அக்கா மகன் வந்தான். குளச்சலில் வள்ளத்து எஞ்சின் சர்வீஸ் செய்கிறான். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவான். இதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மாமா, இது பாயிண்ட் வண்டி. நான் படத்துலதான் பாத்திருக்கேன்" என்றான்.

ஸ்டார்ட்டர் கூட்டின் மூன்று போல்ட்டுகளில் இரண்டு வந்தன, மூன்றாவது தலை ஒடிந்தது. அதைத் துளைத்தெடுக்கவே பாதி காலை போயிற்று. அடுத்தது நடு நட். சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள அவன் ஏதோ பெல்ட் தேடினான். மாமா பெல்ட் தேட மாட்டார். ரிங் ஸ்பானரை மாட்டி, அதன் நுனியில் சுத்தியலால் சுருக்கென்று ஓர் அடி. தட்டித் தட்டி அடித்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே போகும், நட் அசையாது. ஒரே அடியாக அடித்தால் சக்கரத்தின் கனமே எதிர்ப்பிடியாக நிற்கும், நட் இளகும். அடித்தேன். இளகியது. முழுவதும் கழற்றாமல் நட்டைத் தண்டின் நுனிவரை கொண்டுவந்து நிறுத்தினேன். சக்கரம் விடுபடும்போது துள்ளும். நட் இருந்தால் அங்கேயே நிற்கும், மரையும் பிழைக்கும்.

கிராங்க் தண்டின் மேல்நுனி கூம்பாக இருக்கும். சக்கரத்தின் துளையும் அதே கூம்பு. இரண்டும் ஒன்றையொன்று கவ்விப் பிடிப்பதில்தான் பலம். கீ என்பது சக்கரம் எந்தத் திசையில் உட்கார வேண்டும் என்று காட்டுவதற்கு. வருடக்கணக்கில் கவ்விக் கிடந்ததை நெம்பி எடுக்க முடியாது. விளிம்பில் கொக்கிப் புல்லர் போட்டு இழுத்தால் சக்கரம் கோணும், காந்தம் விரியும். நடுக்குமிழில் இருக்கும் மூன்று மரைத் துளைகளும் புல்லருக்காகவே வைத்தவை. மூன்று போல்ட்டையும் சமமாக இறக்கி, நடுப் போல்ட்டை முறுக்கிக்கொண்டே போனோம். இனி முறுக்க முடியாது என்ற இடத்தில் நிறுத்தி, நடுப் போல்ட்டின் தலையில் ஒரு தட்டு. டொப்பென்று சக்கரம் எழும்பியது. அக்கா மகன் ஓரடி பின்வாங்கினான். மாமா வீட்டு முற்றத்தில் இந்தச் சத்தம் வந்தால் அடுப்படியிலிருந்து மாமி, "வந்துட்டா?" என்று கேட்பாள். எஞ்சின்காரர் பீடியைப் பற்றவைப்பார். மீதி வேலை கூலிக்குள் முடிந்துவிடும் என்று அர்த்தம்.

அடியில் ஒரு குளவிக்கூடு. அலுமினியத் தட்டு முழுக்க வெள்ளைப் பூ, செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு. இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்பதால் எதிரெதிரே இரண்டு பாயிண்ட், இரண்டு கண்டன்சர், இரண்டு காயில். பழைய துணியால் துடைத்துக்கொண்டே அவனுக்கு மாமா சொன்ன கணக்கில் சொன்னேன். சக்கரத்தின் உள்விளிம்பில் காந்தம் ஓடும்போது காயிலில் மின்சாரம் பிறக்கிறது. பாயிண்ட் மூடியிருக்கும்வரை அது தடித்த கம்பிச் சுற்றுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். பாயிண்ட் திறந்ததும் அறுபடும். அறுபட்ட அந்த நொடியில் மெல்லிய கம்பிச் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, பிளக் முனையில் பொறியாகத் தாண்டுகிறது. பாயிண்டிலேயே பொறி பறந்து வீணாகாமல் பார்த்துக்கொள்வது கண்டன்சர். பேட்டரி ஒன்றும் வேண்டாம். கயிற்றை இழுக்கும் கை போதும்.

"அப்போ சிடிஐ பாக்ஸ் செய்யுற வேலைய இந்தத் துண்டு இரும்பு செய்யுது" என்றான். சரியாகத்தான் பிடித்தான். சிடிஐ என்பது பாயிண்ட் இல்லாமல் மின்னணு முறையில் பொறி எழுப்பும் பெட்டி.

கீயை எடுத்துப் பார்த்ததும்தான் இந்த எஞ்சின் ஏன் இரும்புக் கடைக்கு வந்தது என்று புரிந்தது. பாதி வெட்டுப்பட்டிருந்தது. கூம்பில் யாரோ கிரீஸ் தடவியிருந்தார்கள். கிரீஸ் இருந்தால் கவ்வாது. சக்கரம் வழுக்கி, அந்தச் சின்ன இரும்பின் மேல் முழுப் பாரமும் விழும். கீ கொஞ்சம் வெட்டுப்பட்டாலே பொறி வரும் நேரம் தவறிவிடும். அப்போது கயிற்றை இழுத்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும். அப்படி உதைத்ததில் எங்கள் ஊரில் ஒருவர் மணிக்கட்டு பிசகி ஒரு சீசன் முழுக்கக் கரையில் இருந்தார். அவருடைய எஞ்சினில் பேய் இருக்கிறது என்று ஊரே சொன்னது. மாமா சக்கரத்தைத் தூக்கிக் கீயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "இதுதான் உம்ம பேய்." அவர் அதைக் கயிற்றில் கோத்துக் கொஞ்ச நாள் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

மாமாவின் வாழ்நாளில் மிகப் பெரிய வேலை சுனாமிக்குப் பிறகு வந்தது. 2004 டிசம்பர் 26. குளச்சல், கொட்டில்பாடு, கீழமணக்குடி எல்லாம் என்ன ஆயின என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அடக்கங்கள் முடிந்த பிறகு, மணலுக்குள்ளிருந்தும் தென்னந்தோப்புகளிலிருந்தும் எஞ்சின்களைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். உப்புத்தண்ணீரில் மூழ்கிய எஞ்சினைக் காயவிடக் கூடாது. காய்ந்தால் பேரிங்கில் துரு பிடித்துவிடும். உடனே திறந்து, நல்ல தண்ணீரில் கழுவி, டீசலில் அலசி, எண்ணெய் விட்டுச் சுற்றிவிட வேண்டும். மாமா ராப்பகலாக அதைத்தான் செய்தார். சக்கரத்தைத் தூக்கினால் காந்தத்தில் கருமணல் அப்பிக்கொண்டிருக்கும். எங்கள் கரை மணலில் இரும்புச்சத்து அதிகம். அதை ஊதினாலும் போகாது, துடைத்தாலும் போகாது. கோதுமை மாவைப் பிசைந்து ஒற்றி ஒற்றி எடுப்பார். யாரிடமும் கூலி கேட்கவில்லை. கொடுத்தவர்களிடம் வாங்கிக்கொண்டார்.

அதன்பின் உதவி நிறுவனங்கள் ஃபைபர் வள்ளங்களும் புது எஞ்சின்களும் கொடுத்தன. கடற்கரையில் முன்பைவிட வள்ளங்கள் பெருகின. மாமா காப்பாற்றி வைத்த பழைய எஞ்சின்கள் கொல்லைக்குப் போயின. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். சிடிஐ வந்த எஞ்சினை முதலில் திறந்தபோது, தேயப் பாயிண்டே இல்லை என்று பார்த்துவிட்டு, "இது நல்லது. கடலுக்குள்ள நிக்காது" என்றார். ராத்திரியில் எஞ்சின் நின்றுபோய்த் துடுப்புப் போட்டு விடியக்காலை கரை சேர்ந்தவர்களையும், அவர்களுக்காக மணலில் உட்கார்ந்திருந்த பெண்களையும் பார்த்த மனிதர் அவர். எனக்கும் அதே கருத்துதான். பாயிண்ட் எஞ்சினோடு யாரும் இன்று கடலுக்குப் போக வேண்டாம்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. சிடிஐ பெட்டி கறுப்புப் பிசினில் மூடி வரும். போனால் போனதுதான், வேறு வாங்கி மாட்ட வேண்டும், உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. அக்கா மகன் கெட்டிக்காரன், டெஸ்டர் வைத்து ஒரு நிமிடத்தில் எது போயிற்று என்று சொல்லிவிடுவான். மாமாவிடம் டெஸ்டர் கிடையாது. எண்பதுகளில் எங்கள் கரையில் எஞ்சின் வைத்திருந்தவர்களில் பாதிப்பேருக்குப் பாயிண்டைத் துடைக்கத் தெரிந்திருந்தது. அதுவும் மாமா சொல்லிக் கொடுத்ததுதான்.

இடையில் ஒரு சேதி. வெளியில் மாட்டும் எஞ்சினை வியாபாரமாக்கிக் காட்டியவர்களில் முன்னோடி ஓலே எவின்ரூட், நார்வேயில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர். 1909இல் மில்வாக்கியில் தன் எஞ்சினைச் செய்தார். அவர் பிறந்த நார்வேதான் 1952 ஒப்பந்தத்தின்படி கொல்லம் பக்கம் நீண்டகரை, சக்திகுளங்கரை மீனவர்களுக்கு இயந்திரப் படகைக் கொண்டுவந்தது. அது உள்ளே பொருத்தும் எஞ்சின். வெளியே மாட்டும் எஞ்சின் நம் கரைக்கு வந்து நிலைக்க இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. எவின்ரூட் பெயரில் எஞ்சின் செய்வதை 2020இல் நிறுத்திவிட்டார்கள். மாமா இருந்திருந்தால் இந்தச் சேதியைக் கேட்டு, ஸ்பேர் பார்ட்ஸ் இனி எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டிருப்பார்.

பாயிண்டுகளை நுண் அரத்தால் தேய்த்து, தின்னரில் நனைத்த துணியால் துடைத்தோம். ஒன்றில் நீலம் பூத்திருந்தது, கண்டன்சர் போனதன் அடையாளம். டின்னிலிருந்து வேறு போட்டோம். இடைவெளி வைக்கும் கட்டம் வந்தபோது அக்கா மகன் பீலர் கேஜை விரித்தான். இந்த வகை ஜப்பான் எஞ்சினுக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர், பழைய ஜான்சன், எவின்ரூட்டுக்கு அரை மில்லிமீட்டர். மாமா சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து இடையில் விட்டுப் பார்ப்பார். கனம் இல்லாமல் பிடிக்க வேண்டும், உருவினால் கிழியாமல் வர வேண்டும். அவர் வைத்த இடைவெளியைப் பிறகு ஒரு தடவை மீனவர் சங்கக் கூட்டமைப்பான சிஃப்ஸின் பட்டறைக்காரர் ஒருவர் கேஜ் போட்டுப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கேஜை மடக்கிப் பையில் வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

கூம்பைத் தின்னரில் கழுவி உலரவிட்டு, புதுக் கீ வைத்துச் சக்கரத்தை உட்காரவைத்து நட்டை இறுக்கினோம். பிளக்கை வெளியே எடுத்து, அதன் உடலை எஞ்சின் தலையில் படும்படி வைத்துக் கயிற்றை இழுத்தான். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. என் மனைவி சமையலறைக் கதவுத் திரையைக் கொண்டுவந்து மேலே பிடித்தாள். மஞ்சள் பொறி என்றால் நோஞ்சான், நீலம் என்றால் நல்லது. நீலமாகவே தாண்டியது, டிக் என்ற சத்தத்தோடு. இரண்டாவது சிலிண்டரிலும் அப்படியே.

தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி, கார்புரேட்டரைக் கழுவி, பெட்ரோல் விட்டதில் சாயங்காலம் எஞ்சின் கிளம்பியது. கொஞ்ச நேரம் ஓடியது. பக்கத்து வீட்டம்மா புகைக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். மேல் சிலிண்டரில் அழுத்தம் குறைவு, ரிங் தேய்ந்திருக்கிறது. வள்ளத்தில் மாட்டத் தகுதியில்லை என்று அக்கா மகன் தீர்ப்புச் சொன்னான். சரியான தீர்ப்பு. அவனிடம் வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்குக் காட்டட்டும் என்று எஞ்சினையும் டின்னையும் புல்லரையும் அவனிடமே கொடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டுக் கொல்லையிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். இரும்புக் கடைக்கு அனுப்பும் முன் சக்கரத்தைத் தூக்கிக் கீயை ஒரு தடவை பாருங்கள். விளிம்பில் உளி வைக்காதீர்கள், திரும்ப மாட்டும்போது கூம்பில் கிரீஸ் தடவாதீர்கள்.